கோணமலைத் துறையும் ஒரு குடும்பத்துக் கேள்வியும்

வவுனியாவிலிருந்து ஹொரவப்பொத்தானை வழியாகத் திருகோணமலைக்குச் செல்லும் பஸ், நகரை அணுகுமுன் கன்னியா வெந்நீரூற்றுக்குப் பிரியும் இடத்தைக் கடந்து செல்கின்றது. அங்கே அடுத்தடுத்து ஏழு கிணறுகள் உள்ளன. ஒன்றின் நீர்ச் சூடு மற்றொன்றுக்கு இல்லை. தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் அமைத்தவை அவை என்பது ஐதீகம். அந்த ஐதீகத்தை நமக்குச் சொல்லித் தருவதற்கு ஊரிற் பலர் உண்டு. சில அடி இடைவெளியிற் சூடு ஏன் மாறுகின்றது என்று அளந்து பார்க்கும் ஆசை எழுந்தவர் ஆயிரத்தில் ஒருவர். அந்த ஒருவர் நம் நண்பரின் வீட்டிலே பதினெட்டு வயதுப் பெண்ணாக வளர்ந்து வருகின்றாள் என்பதே இம்முறை நமது பிரயாணத்துக்குக் காரணமாயிற்று.

நண்பர் துறைமுகப் பகுதியிற் கணக்கு எழுதும் உத்தியோகத்தர். மகள் க.பொ.த. உயர்தரப் பரீட்சையில் உயிரியற் பிரிவில் எழுதித் தேறியிருக்கிறாள். மருத்துவத்துக்கு வெட்டுப்புள்ளி எட்டாது. விஞ்ஞான பீடம் ஒன்றில் இடம் கிடைக்கும். இதற்கிடையில் அமெரிக்காவிலுள்ள தனியார் ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம் ஒன்று அவளுக்கு இடந்தர இசைந்து, கட்டணத்திற் பாதியையும் தள்ளுபடி செய்வதாகக் கடிதம் விடுத்திருந்தது. நூறு பேர் விண்ணப்பித்தால் பத்துப் பேரைக் கூடச் சேர்த்துக் கொள்ளாத இடம் அது. மறு பாதிக்கு நிலாவெளியிலுள்ள தென்னங்காணியை விற்கலாமா என்பதே நண்பர் கேட்டெழுதிய கேள்வி. இத்தகைய கேள்விக்குத் தபாலில் விடை சொல்வது முறையன்று என்று கருதிப் புறப்பட்டோம்.

திருகோணமலையைக் கண்டவர்க்கு அதன் துறைமுகத்தை வருணிக்க வேண்டியதில்லை. காணாதவர்க்கு வருணித்து விளக்குதல் அரிது. மலைகளும் காடும் சுற்றி நிற்க, நிலத்துக்குள் கடல் புகுந்து, அங்கே குளம்போல் அடங்கிக் கிடக்கின்றது. பெருங்கப்பல்களும் கரையை ஒட்டி வந்து நிற்கத்தக்க ஆழம். உலகின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று என்று இதனை எல்லா நாட்டு மாலுமிகளும் ஒப்புக்கொண்டனர். ஆகையினாற் போர்த்துக்கீசர், டச்சுக்காரர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எல்லாரும் இதற்காக அடித்துக் கொண்டனர். 1942 ஏப்ரல் 9ஆந் தேதி ஜப்பானிய விமானங்களும் வந்து குண்டு வீசிச் சென்றன. 1957இல் பிரித்தானியக் கடற்படைத் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. சீனன்குடாப் பக்கத்துக் காட்டுக்குள் அவர்கள் 1930களில் எழுப்பத் தொடங்கிய எண்ணெய்க் குதங்கள் இன்றும் வரிசை வரிசையாக நிற்கின்றன. 2022 ஜனவரியில் அவற்றுள் 61 குதங்களை இலங்கையும் இந்தியாவும் கூட்டாக வளர்ப்பதென்று உடன்படிக்கை எழுதப்பட்டது.

இந்தத் துறையின் ஆழத்தை எல்லாரும் விரும்பினர். ஆழம் எதனால் வந்தது என்று ஆராய்ந்தவர் சிலரே. மகாவலி கங்கை கொட்டியாரக் குடாவிற் கலக்கின்றது. அந்தக் குடாவிலிருந்து கடலடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்கு தொடங்கி ஆழ்கடலை நோக்கிச் செல்கின்றது. ஆழ்கடல் இத்துணை அருகே வருவதனாலேதான் உலகிற் பெரிய பிராணியாகிய நீலத் திமிங்கிலத்தை இங்கே கரையிலிருந்து சிறிது தூரத்திற் படகிற் சென்று பார்க்க முடிகின்றது. 1980களின் தொடக்கத்தில் ‘தூலிப்’ என்னும் சிறிய பாய்க்கப்பலில் வந்த மேல்நாட்டு ஆராய்ச்சியாளர்கள், ஹால் வைட்ஹெட் என்பவர் தலைமையில், இந்தக் கடலிலே ஸ்பெர்ம் திமிங்கிலங்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தனர். கொல்லாமலே திமிங்கிலத்தை ஆராயலாம் என்று உலகுக்குக் காட்டிய முயற்சிகளுள் அதுவும் ஒன்று. நம் மீனவர் தலைமுறை தலைமுறையாகக் கண்டு பழகிய பிராணியைப் பற்றி நூல் எழுதும் பேறு வேற்று நாட்டவருக்கு வாய்த்தது.

நண்பரின் மகளுக்கு இந்தக் கதை முழுவதும் மனப்பாடம். உட்துறைமுக வீதி வழியாக அவளும் அவள் தந்தையும் நாமும் நடந்தபோது அவளே இதனைச் சொன்னாள். “அவங்க வெளிநாட்டிலிருந்து வந்து பாத்தாங்க சேர். நான் இங்க இருந்துகொண்டே பாக்க ஏலாதா?” என்றாள். “ஏலும் பிள்ளை. அதற்கு நீ எங்கே படிக்க வேண்டும் என்பதல்லவா இப்போது கேள்வி?” என்றோம்.

ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம் என்னும் சொல்லை இக்காலத்திற் பெற்றோர் அடிக்கடி கேட்கின்றனர். அதன் பொருளை விசாரிப்பவர் குறைவு. இருக்கும் அறிவை மாணவருக்கு எடுத்து வழங்குவது ஒரு தொழில். இல்லாத அறிவைத் தேடிச் சேர்ப்பது வேறொரு தொழில். இவ்விரண்டையும் ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவரும் முறை ஜெர்மனியில் வளர்ந்தது. 1876இல் அமெரிக்காவின் பால்ற்றிமோர் நகரில், ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் என்ற வணிகர் விட்டுச் சென்ற பணத்தைக் கொண்டு அவர் பெயராலேயே ஒரு பல்கலைக்கழகம் அந்த முறையில் எழுந்தது. பால்ற்றிமோரும் ஒரு துறைமுகப் பட்டினமே. பின்னர் எண்ணெய் வணிகர் றொக்பெல்லரின் பணத்திற் சிக்காகோப் பல்கலைக்கழகம் தோன்றி 1892இல் வகுப்புக்களைத் தொடங்கிற்று. தனியார் என்றால் இலாபக்கடை என்று நம்மவர் எண்ணுகின்றனர். இந்த வகைப் பல்கலைக்கழகங்கள் இலாபக்கடைகள் அல்ல. செல்வர் வைத்துச் சென்ற மூலதனத்தின் வருவாயில் நடப்பவை. ஆயினும் கட்டணம் கடுமையானது. ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் போன்ற இடங்களில் ஆண்டொன்றுக்குப் படிப்புக் கட்டணம் மட்டும் 60,000 டொலருக்கு மேல். டொலர் ஒன்றுக்கு 300 ரூபா வைத்தால் ஒரு கோடியே 80 இலட்சம். அதிற் பாதி தள்ளுபடியானாலும் 90 இலட்சம்; நான்கு ஆண்டுக்கு மூன்று கோடியே 60 இலட்சம். உணவும் உறையுளும் விமானச் செலவும் வேறு.

இந்தக் கணக்கை நண்பர் ஏற்கெனவே போட்டு வைத்திருந்தார். கணக்கு அவர் தொழிலாயிற்றே. அவர் கணக்கில் விடுபட்டிருந்தது ஒன்றுதான். 2022 மார்ச்சு மாதத் தொடக்கத்தில் டொலர் ஏறக்குறைய 200 ரூபா. மே மாதத்தில் 360 ரூபா. காணியை ரூபாவில் விற்றுக் கட்டணத்தை டொலரிற் கட்டுபவர், இடையிலே நாணயம் விழுந்தால் என் செய்வார்? முதலாண்டுக்குப் போதுமென்று வைத்த பணம் இரண்டாம் பருவத்துக்குக் காணாது. நடுவழியிற் படிப்பை விட்டுத் திரும்பும் பிள்ளைக்குப் பட்டமும் இல்லை, காணியும் இல்லை. இதை நாம் சொன்னபோது நண்பர் சிறிது நேரம் பேசவில்லை. டச்சுக் குடாவின் ஓரமாக மான்கள் நின்று எதையோ மேய்ந்து கொண்டிருந்தன. இந்நகரத்து மான்களுக்கு மனிதர் மீது அச்சமே கிடையாது. வீதியில் நடப்பவரிடம் வாழைப்பழத் தோலைக் கேட்டு வாங்கி உண்ணும். அவற்றைப் பார்த்தவாறே நண்பர், “அப்ப வேண்டாம் என்றுதான் சொல்றீங்களா சேர்?” என்று கேட்டார்.

அவ்வாறு சட்டென்று சொல்வதற்கு இந்த ஊரின் சரித்திரம் இடந்தரவில்லை. திருகோணமலையிலுள்ள இராமகிருஷ்ண மிஷன் இந்துக் கல்லூரியில் 1920களிற் பணியாற்றியவர் சுவாமி விபுலாநந்தர். காரைதீவிற் பிறந்தவர். கொழும்பிலே தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞானம் பயின்றார். மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதப் பரீட்சையில் தேறினார். இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டத்தை 1920இல் வெளிவாரியாக, அஃதாவது இலண்டனுக்குப் போகாமலே, பெற்றார். பேர்பெற்ற பல்கலைக்கழகம் ஒன்றின் விடுதியில் ஒருநாளும் மாணவராகத் தங்கியதில்லை. அப்படிப்பட்டவரை அழைத்துத் தமிழ்ப் பேராசிரியராக அமர்த்திய இடம் எது? தனியார் பல்கலைக்கழகமே. செட்டிநாட்டு அரசர் அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் நடத்திய கல்லூரிகளோடு 20 இலட்சம் ரூபாவும் வழங்க, 1929இல் உருவான அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே விபுலாநந்தர் 1931இல் அப்பதவியை ஏற்றார். பழந்தமிழ் யாழின் இலக்கணத்தைக் கணிதம் கொண்டு ஆராய்ந்து அவர் எழுதிய ‘யாழ் நூல்’ 1947இல், அவர் மறைந்த ஆண்டிலேயே வெளிவந்தது. கணிதமும் விஞ்ஞானமும் கற்ற ஒருவர் இசை ஆராய்ச்சி செய்வதைத் தடுக்காத இடம் ஒன்று வேண்டும். செல்வர் ஒருவர் நிறுவிய பல்கலைக்கழகம் அந்த இடத்தைத் தந்தது. ஈழத்துப் பிள்ளைகள் பலர் பிற்காலத்தில் அங்கே கடல் கடந்து சென்று பட்டம் பெற்றனர். தனிநாயக அடிகளும் அங்கே தமிழ் பயின்றவரே.

ஆனால் அதே பல்கலைக்கழகம் பணமுடையில் வீழ்ந்து, 2013இல் தமிழ்நாட்டு அரசின் கைக்குப் போயிற்று. தனியார் நிறுவனத்திற் சேரும் பிள்ளை பாடத்திட்டத்தை ஆராய்வதோடு நிற்கலாகாது. அதன் மூலதனத்தையும் நிலைபேற்றையும் விசாரிக்க வேண்டும். நம் நாட்டிலேயே மாலபேயில் நடந்த தனியார் மருத்துவக் கல்லூரி விவகாரம் மறக்கத்தக்கதன்று. ஆண்டுக்கணக்கில் வழக்கும் போராட்டமும் நடந்து, 2017இல் அதனை ஒழிக்க அரசு முடிவு செய்தபின், மாணவர் கொத்தலாவலைப் பாதுகாப்புப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றப்பட்டனர். இடையில் அப்பிள்ளைகளும் பெற்றோரும் பட்ட மனவேதனைக்கு ஈடு ஏது?

மறுநாள் காலையிற் கோணேசர் கோயிலுக்குச் சென்றோம். சுவாமி மலையின் உச்சியில் நின்று கீழே பார்த்தால் கடல் கருநீலமாகத் தெரிகின்றது. சம்பந்தர் பாடிய தலத்தை 1620களிற் போர்த்துக்கீசர் இடித்தனர். அதன் எச்சங்கள் சில இந்தப் பாறையடியிற் கடலுள் கிடந்ததை 1956இல் மூழ்கிக் கண்டவர்கள் ஆர்தர் சி. கிளார்க்கும் அவர் நண்பர் மைக் வில்சனும். கிளார்க்கின் கல்வி வரலாறு நம் விஷயத்துக்குப் பொருந்துவது. இளமையில் அவருக்குப் பல்கலைக்கழகம் செல்லப் பணம் இல்லை. அரசாங்கக் காரியாலயத்திற் கணக்குப் பரிசோதிக்கும் வேலை பார்த்தார். யுத்தத்தில் விமானப்படையிற் சேவை செய்துவிட்டு வந்த பிறகே இலண்டன் கிங்ஸ் கல்லூரியிற் கணிதமும் பௌதிகமும் கற்று, 1948இல் முதல் வகுப்பிற் தேறினார். அவரே பின்னர் 1979 முதல் 2002 வரை மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராக விளங்கினார். தாமதித்துப் போனதனால் அவர் எதனையும் இழந்ததாகத் தோன்றவில்லை.

நாம் இதைச் சொன்னோம். பெண் மறுத்தாள். அவள் மறுத்த விதம் நமக்குப் பிடித்திருந்தது. “எல்லாரும் தாமதிச்சுப் போய் வெல்லுறதில்ல சேர். தாமதிச்சதால போகாமலே விட்டவங்கட கதைய யார் எழுதுறாங்க?” என்றாள். பரீட்சை எழுதி, பெறுபேறு வந்து, வெட்டுப்புள்ளி வெளியாகி, பல்கலைக்கழக வாசலை மிதிப்பதற்குள் இங்கே ஓர் ஆண்டுக்கு மேல் கழிந்துவிடுகின்றது. அங்கே போனால் முதலாண்டிலேயே ஆய்வுகூடத்திற்குள் விடுவார்களாம். இது வெறும் விளம்பரம் அன்று. அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 1969இலேயே, பட்டதாரியாகாத மாணவரும் பேராசிரியரோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்யும் திட்டத்தைத் தொடங்கிற்று. பிறவும் அதைப் பின்பற்றின. ஆனால் எல்லா இடத்திலும் அது நடைபெறுகின்றது என்று நம்பிவிடக் கூடாது. பேராசிரியரின் பெயர் கதவில் இருக்க, முதலாண்டு வகுப்பை உதவியாளர் நடத்தும் பல்கலைக்கழகங்களும் உண்டு. பேரறிஞர் இருக்கும் ஊரில் இருப்பது வேறு. பேரறிஞரிடம் படிப்பது வேறு.

இங்கே உள்ள வழியையும் எடுத்துரைத்தோம். 1945இல் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி இன்றளவும் பல்கலைக்கழகம் வரை செல்கின்றது. கலைப்பிரிவு நீங்கலாகப் பெரும்பாலான துறைகளில் அனுமதியின் 40 சதவீதம் நாடளாவிய திறமைக்கு, 55 சதவீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கு, 5 சதவீதம் கல்வி வசதி குறைந்த பதினாறு மாவட்டங்களுக்கு என்று பகுத்துள்ளனர். அப்பதினாறில் திருகோணமலையும் ஒன்று. தரப்படுத்தல் என்ற பெயரில் 1970களில் தமிழ் மாணவர் பட்ட காயம் பெரிது. அதை எவரும் மறக்கவில்லை. எனினும் மாவட்ட முறையால் இந்தக் கரையோரத்துப் பிள்ளைகள் சிலருக்கு வாசல் திறந்ததும் உண்மை. யாழ்ப்பாணத்திலிருந்து வரும் நாம் இதைச் சொல்வது சிலருக்குச் சுவைக்காமற் போகலாம். கடலைப் பற்றிப் படிக்க வேண்டுமானால் றுகுணுப் பல்கலைக்கழகத்தில் மீன்பிடி, கடல் விஞ்ஞானத்துக்கென்றே ஒரு பீடம் உண்டு. நிலாவெளி வீதியிற் கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கின்றது. சித்த மருத்துவமும் பிரயோக விஞ்ஞானமும் அங்கே கற்பிக்கப்படுகின்றன.

பெற்றோர் பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. நாம் வந்த காரியத்தின் சாரம் அதுவே. அந்தப் பெரிய தனியார் பல்கலைக்கழகங்களில் இளமாணி மாணவர் பணம் கொடுத்துப் படிக்கின்றனர். விஞ்ஞானத்திற் கலாநிதிப் பட்டத்துக்குச் சேர்பவர்க்கோ பெரும்பாலும் கட்டணம் நீக்கப்பட்டு, வாழ்க்கைச் செலவுக்கும் பல்கலைக்கழகமே படி அளிக்கின்றது. ஒரே வாசல், பதினெட்டு வயதில் நுழைந்தால் காணி விலை, இருபத்துமூன்று வயதில் நுழைந்தால் சம்பளம். நீலத் திமிங்கிலத்தை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்ற நம் நாட்டுப் பெண்மணி ஆஷா டி வோஸ், இளமாணியை ஸ்கொட்லாந்திலும் முதுமாணியை ஒக்ஸ்போர்டிலும் கலாநிதியை மேற்கு அவுஸ்திரேலியாவிலும் முடித்தவர். ஒரே பெயரில் எல்லாவற்றையும் தேட வேண்டியதில்லை என்பதற்கு அவரும் சான்று. விலக்கும் உண்டு. ஹாவர்ட், யேல், பிரின்ஸ்டன், மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் முதலிய சில இடங்கள், வெளிநாட்டு மாணவரையும் குடும்பத்தின் பணநிலை பாராமலே தேர்ந்தெடுத்து, தேறியவரின் தேவை முழுவதையும் ஈடுசெய்கின்றன. அத்தகைய இடத்திற் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். இந்தப் பெண்ணுக்குக் கிடைத்த இடம் அத்தகையதன்று. பாதியே தருவதாகச் சொல்லும் இடத்துக்காக, இருப்பது அந்தக் காணி ஒன்றே என்னும் குடும்பம் அதனை விற்கலாகாது என்று நம் கருத்தை வெளிப்படையாகச் சொன்னோம்.

பிற்பகல் கிண்ணியாப் பக்கம் போய் வரலாம் என்றார் நண்பர். 2009இல் திறந்த நீண்ட பாலத்தின் மேல் நின்றால் கொட்டியாரக் குடாவின் காற்று முகத்தில் அறைகின்றது. அதற்கப்பால் மூதூர். 1660இல் புயலில் முறிந்த பாய்மரத்தைச் செப்பனிட இக்குடாவுக்குள் வந்த கப்பலிலிருந்து கண்டி அரசனின் ஆட்களாற் சிறைப்பிடிக்கப்பட்டவர் றொபேட் நொக்ஸ். பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேலாக மலைநாட்டிற் கைதியாயிருந்து தப்பியோடி, 1681இல் இலண்டனில் இலங்கையைப் பற்றி நூல் வெளியிட்டார். கல்லூரி கண்டவர் அல்லர், மாலுமி. ஆயினும் கண்டதைக் கண்டபடி எழுதினார். ராயல் சங்கத்து விஞ்ஞானி றொபேட் ஹூக் அந்நூலுக்கு முன்னுரை வழங்கினார். இந்தக் கதையைக் கேட்டதும் பெண் சிரித்து, “அப்ப என்னையும் யாராவது பிடிச்சு வைக்கணும் போல” என்றாள். நண்பருக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றிரவு வீட்டில் மூவரும் அமர்ந்து அந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதினோம். உதவித் தொகையை மறுபரிசீலனை செய்யுமாறு கேட்பது அங்கே வழக்கத்துக்கு மாறானதன்று. வீட்டு வருமானத்தை நண்பர் ரூபாவிலும் டொலரிலும் எழுதினார். கேள்விகளை எழுதும் பொறுப்பு பெண்ணுடையது. முதலாண்டு உயிரியலை யார் கற்பிப்பார்? இளமாணி மாணவருள் எத்தனை பேர் ஆய்வுகூடத்தில் வேலை செய்கின்றனர். அதற்கு ஊதியம் உண்டா? நான்கு ஆண்டும் உதவித் தொகை குறையாது என்று எழுத்தில் தருவீர்களா? கட்டணம் ஆண்டுதோறும் ஏறினால் உதவியும் ஏறுமா? வெளிநாட்டுப் பிள்ளைகளுள் எத்தனை பேர் பட்டம் முடிக்குமுன் திரும்பிவிட்டனர்? கடைசிக் கேள்வி சற்றுக் கூர்மையாக இருந்தது. மாற்ற வேண்டாம் என்று விட்டுவிட்டோம். அத்துடன் மானியங்கள் ஆணைக்குழுவின் விண்ணப்பப் படிவத்தையும் அன்றே நிரப்பச் சொன்னோம். அதற்குரிய நாள் எவருக்காகவும் காத்திராது.

நாம் வவுனியா பஸ்ஸில் ஏறியபோது படிவம் போய்விட்டது. கடிதத்துக்கு இதை எழுதும் நாள் வரை பதில் இல்லை. நிலாவெளிக் காணியைப் பார்க்க வந்த தரகரை நண்பர் அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார். பெண் ஒரு வெப்பமானி வாங்கி, ஞாயிறுதோறும் கன்னியாவுக்குச் சென்று ஏழு கிணற்றின் சூட்டையும் குறித்து வருவதாக எழுதியிருக்கிறாள்.